பூஜைக்கு வைத்த டிரில் மெஷின்

வீட்டில் வயிறு முட்டத் தின்றுவிட்டு, நேரே கோட்டைச் சாலைக்குப் போய் கமலாம்பாள் கடையில் உட்கார்ந்து இன்னும் நாலு இட்லி சாப்பிடுகிறவளை ஊர் என்ன சொல்லும்? தீனிப்பண்டாரம் என்று சொல்லும். கலைவாணி பொங்கல் கழிந்ததிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். ஆனால் ஊர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு அந்தக் கடைக்குள் எட்டிப் பார்க்க ஒரு ஆள் வேண்டாமா?

முன்பெல்லாம் அங்கே உட்கார இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். மார்க்கெட் கமிட்டிக்கு நெல் மூட்டை ஏற்றி வந்த டிரைவர்கள், ராஜகிரிக் கோட்டை ஏறப் போகிற வெளியூர்க்காரர்கள், ஆட்டோக்காரர்கள், வாத்தியார்கள் என்று விடிந்ததிலிருந்து கூட்டம். மாசி மாதம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மேல்மலையனூர் மயானக் கொள்ளைத் திருவிழாவுக்குப் போகிற ஜனம் முழுக்க செஞ்சியில் இறங்கித்தான் ஏறும். அந்த மாசியிலும் பஸ் பஸ்ஸாக ஜனம் வந்துகொண்டுதான் இருந்தது. கமலாம்பாள் கடையில் மட்டும் இட்லிப் பானையின் ஆவி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. தப்பித் தவறி உள்ளே நுழைந்த வெளியூர்க்காரரையும் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து யாராவது கைதட்டிக் கூப்பிட்டுக் காதில் ஓதிவிடுவார்கள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விடுவார்.

எல்லாம் ஒரு போட்டோவால் வந்தது. பொங்கல் முடிந்த வாரம் அது வாட்ஸ்அப்பில் சுற்றியது. கம்ப்யூட்டர் திரையை யாரோ செல்போனில் படம் பிடித்திருந்தார்கள். திரையில் ஒரு ரத்தப் பரிசோதனை அறிக்கை. அதில் கமலாம்பாள் பேர், வயது, தெரு. கீழே எச்.ஐ.வி. இருக்கிறது என்ற முடிவு.

அந்த நோய் இட்லியில் பரவாது, சட்னியில் பரவாது, தம்ளரில் பரவாது. இது செஞ்சியில் தெரியாதவர் கிடையாது. ஆஸ்பத்திரிச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள். தெரிந்து என்ன புண்ணியம்? நன்றாகத் தெரிந்த வாத்தியார்கள்தான் முதலில் இடத்தை மாற்றிக்கொண்டார்கள். லாரி ஓட்டிய புருஷன் விட்டுவிட்டுப் போன நோயை, மாத்திரை தவறாமல் போட்டு, ஒரு தும்மல்கூட வெளியே தெரியாமல் இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்தவள் கமலாம்பாள். அது ஒரே நாளில் ஊர்ப் பேச்சாகிவிட்டது.

"இன்னாடி வாணி, பிசைஞ்சுக்கினே உக்காந்திருக்க? சாம்பார் ஊத்தட்டா?" என்றாள் கமலாம்பாள்.

"ஊத்துங்கக்கா."

"நீ ஒருத்தி வரதாலதான் அடுப்பப் பத்த வெக்கறேன், தெரியுமா? இல்லாங்காட்டி மாவ அரைச்சு யாருக்குடி ஊத்தறது?"

கலைவாணி வாயிலிருந்த இட்லியைத் தண்ணீரைக் குடித்து உள்ளே தள்ளினாள். இந்த அம்மாள் திட்டினால்கூடப் பரவாயில்லை, புகழ்கிறாளே என்று இருந்தது அவளுக்கு.

"நேத்து அவ வந்திருந்தா," என்றாள் கமலாம்பாள், குரலைத் தாழ்த்தி. கேட்க ஆள் இல்லாத கடையிலும் அவளுக்குப் பழக்கம் போகவில்லை. "வெண்மதி. வாசல்லயே நின்னுக்கினு 'பெரிம்மா, பெரிம்மா'ன்றா. நான் திரும்பியே பாக்கல. பாத்திரம் கழுவன தண்ணிய வாசல்ல ஊத்தனேன். கால நனைச்சுக்கினு போய்ட்டா."

வெண்மதி, தளவானூர்ப் பெண். காந்தி பஜாருக்குப் பின்னால் சிவசங்கர் நடத்தும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். அவள் தெருவில் லேப் படிப்பு படித்து வெள்ளைக் கோட்டு மாட்டிய முதல் பெண். கமலாம்பாளுக்கு நோய் இருப்பதைக் கண்டுபிடித்தவளும் அவள்தான், அதை வெளியே விடாமல் காத்தவளும் அவள்தான். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போகும்போதெல்லாம் லீவு போட்டுவிட்டுத் துணைக்குப் போவாள். யாராவது கேட்டால் தனக்குத்தான் உடம்பு சரியில்லை என்பாள்.

"பஸ்ல என் தோள்ல சாஞ்சுக்கினு தூங்குவாடி. என் வயித்துல பொறக்காத கொறதான்னு நெனைச்சேன். அவ இப்டிப் பண்ணுவான்னு நான் மொதல்ல நம்பவே இல்ல. அப்புறம் அந்த லேப்காரருதான் ஒரு பேப்பரக் காட்டனாரு. அந்தப் போட்டோல இருக்கறது பழைய கம்ப்யூட்டராம். அதயெல்லாம் அழிச்சு, உள்ள இருக்கறதுல ஓட்ட போட்டு, சீல் வெச்சுக் குடுத்துட்டாங்களாம். அப்ப வெளிய இருந்து எவன் எடுப்பான்? உள்ள இருந்தவதான எடுத்திருக்கணும்? நானே பாத்தேன், கையெழுத்து, சீலு, எல்லாம் இருந்துச்சு."

பேப்பர் ஆங்கிலத்தில் இருந்ததால் கையெழுத்து யாருடையது என்று கமலாம்பாளுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அந்த நாலு இட்லியை வைத்திருக்க மாட்டாள். அது கலைவாணியின் கையெழுத்து.

"வேலைய விட்டு அனுப்பிச்சுட்டாரு. இங்க, திண்டிவனம், விழுப்புரம், ஒரு லேப்புலயும் சேத்துக்க மாட்டேன்றாங்களாம். திருப்பூருக்குப் போறாளாம், பனியன் கம்பெனிக்கு. ஞாயித்துக்கெழம பஸ்ஸு. போகட்டும்," என்று சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள் கமலாம்பாள். போகட்டும் என்று சொல்கிறவள் எதற்கு அழ வேண்டும் என்று கேட்க அங்கே யாரும் இல்லை. இருந்த ஒருத்தியும் தலையைக் குனிந்துகொண்டு சாம்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கலைவாணியின் தொழில் என்னவென்று சொல்லிவிட வேண்டும். திண்டிவனம் சாலையில் ஒரு தகரக் கொட்டகை. பேங்க், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வக்கீல் ஆபீஸ் என்று எங்கே பழைய கம்ப்யூட்டர், பிரிண்டர், யுபிஎஸ் கழிந்தாலும் அவள் போய் எடுத்துக்கொண்டு வருவாள். புருஷன் குரு லோடு ஆட்டோ ஓட்டுவான். முன்பு இந்தச் சாமான்களை எல்லாம் காயலான்கடைக்காரர்கள் சங்கராபரணி ஆற்றங்கரையில் போட்டு ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பார்கள். கறுப்புப் புகை கோட்டை வரைக்கும் போகும். கலைவாணி கொளுத்துகிற ஜாதி இல்லை. எதையும் ஆற்றில் கொட்டவும் மாட்டாள். பேட்டரி தனி, போர்டு தனி, கண்ணாடி தனி என்று பிரித்து, அரசாங்க அனுமதி உள்ள மறுசுழற்சி ஆலைக்கு ஒரகடத்துக்கு அனுப்புவாள்.

ஆனால் அவள் பேர் வாங்கியது அதனால் அல்ல. ஹார்ட் டிஸ்க்கால். கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டாலும் அதற்குள் இருப்பது போகாது. பேரும் கணக்கும் நோயும் வழக்கும் அந்த டிஸ்க்கில் அப்படியே இருக்கும். கலைவாணி முதலில் அதை மென்பொருள் போட்டு அழிப்பாள். அழித்த பிறகும் நம்பாமல் டிரில் மெஷினால் ஓட்டை போடுவாள். அப்புறம்தான் சான்றிதழில் கையெழுத்து. அந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை. 'கலைவாணி கையெழுத்துப் போட்டால் காவாய்த் தண்ணியும் சுத்தம்' என்று பேங்க் மேனேஜர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அந்தச் சொல்லை அவள் நாலு பேரிடம் திருப்பிச் சொல்லி மகிழ்ந்திருக்கிறாள். மகிழ்ந்ததை நினைத்தால் இப்போது கூசியது.

வரிசை மாறியது ஆயுத பூஜை அன்று.

பூஜைக்கு முந்தின வாரம் அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. எல்லோரும் பழசைக் கழித்துக் கடையைக் கழுவிவிடுகிற வாரம் அது. சிவசங்கரின் லேப்பிலிருந்து வந்த பழைய கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றையும் முறைப்படி முடித்துவிட்டாள். ஒன்று மட்டும் பாக்கி. முன் வரவேற்பில் இருந்த கம்ப்யூட்டர், கடைசி நாள் வரைக்கும் வேலை செய்தது. பூஜை அன்று காலையில்தான் சிவசங்கர் அதைக் காரில் போட்டுக்கொண்டு வந்தார். லேப் ஆரம்பித்த நாளில் வாங்கியது. வருஷா வருஷம் வைத்த சந்தனமும் குங்குமமும் மேல்மூடியில் அடை அடையாகக் காய்ந்திருந்தது.

"புதுசு பூஜைல உக்காரணும், பழசு லேப்ல இருக்கக் கூடாதுன்னு சொல்றாங்க வீட்ல. அந்த சர்டிபிகேட்டையும் இப்பவே குடுத்துடும்மா. சரஸ்வதி படத்துகிட்ட வெக்கணும். இந்த வருஷம் எல்லாம் சுத்தமா ஆரம்பிக்கலாம்," என்றார்.

கலைவாணி திரும்பிப் பார்த்தாள். கொட்டகையின் மூலையில் வாழைக்கன்று கட்டி, பொரி கடலை வைத்து, பூஜைக்கு எல்லாம் தயாராக இருந்தது. ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், அழிக்கிற மென்பொருள் உள்ள லேப்டாப், எல்லாவற்றுக்கும் பொட்டு. நடுவில் டிரில் மெஷின், குளித்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி, சந்தனம் பூசி உட்கார்ந்திருந்தது. பூஜைக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள் விஜயதசமியில்தான் எடுக்க வேண்டும். நடுவில் தொட்டால் அந்த வருஷத்துத் தொழில் விளங்காது. இதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. செஞ்சியில் பஞ்சர் ஒட்டுகிறவன் முதல் பஸ் டிப்போ வரை எவரும் அன்றைக்கு ஸ்பேனரைத் தொட மாட்டார்கள்.

ஒரே ஒரு டிஸ்க். ஒரே ஒரு நாள். நாளை காலையில் முதல் வேலையாக இதைத்தான் செய்யப் போகிறோம் என்று எண்ணிக்கொண்டாள். அழித்து, துளையிட்டாயிற்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சீலும் வைத்துக் கொடுத்துவிட்டாள். சிவசங்கர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் குளித்துவிட்டு வந்து, கற்பூரம் காட்டி, டிரில் மெஷினை எடுத்துக்கொண்டு திரும்பினாள். கம்ப்யூட்டர் வைத்த இடம் காலி.

குரு விடியற்காலையில் எழுந்து அதை அனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருந்தான். அங்கே தங்கராசு என்பவர் விஜயதசமி நாளில் ஜெராக்ஸ் கடை திறந்தார். அவருக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் தருவதாக ஏற்கெனவே பேச்சு. வேலை முடிந்த சிபியுக்களில் நல்லதைப் பார்த்து, வேறு புது டிஸ்க் போட்டு விற்பது உண்டுதான். இதில் சந்தனம் குங்குமம் எல்லாம் இருக்கவே, புதுக்கடைக்கு ராசியாக இருக்கும் என்று இதையே தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

"நீதான் சர்டிபிகேட்டு எழுதிட்டியே. வேல முடிஞ்சு வேற டிஸ்க் போட்டுட்டன்னு நெனைச்சேன்," என்றான் குரு.

அவனை என்ன சொல்ல? அவள் கையெழுத்தை ஊர் நம்பியது, அவனும் நம்பினான்.

அன்றைக்கே போய் வாங்கி வந்திருக்கலாம். அனந்தபுரம் என்ன அமெரிக்காவிலா இருக்கிறது? ஆனால் நல்ல நாளும் அதுவுமாகப் புதுக்கடையில் பூசணிக்காய் உடைத்த ஈரம் காய்வதற்குள் போய், 'கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடுங்க' என்று நின்றால் தங்கராசு வீட்டுப் பெண்கள் மண்ணை வாரித் தூற்ற மாட்டார்களா? நாளைக்குப் போகலாம் என்று நினைத்தாள். நாளைக்குப் பள்ளிக்கூட லோடு வந்தது. அதற்கடுத்த நாள் மழை. தீபாவளி வந்தது. தங்கராசு எப்படியும் புதிதாக விண்டோஸ் ஏற்றியிருப்பார், பழசெல்லாம் போயிருக்கும், ஜெராக்ஸ் கடையில் எவன் குடைந்து பார்க்கப் போகிறான் என்று மனசு தானாகவே சமாதானம் சொல்லிக்கொண்டது. புதிதாக விண்டோஸ் ஏற்றினால் பழசு போகாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள் அவள். தனக்கு என்றதும் அந்தப் பாடம் மறந்துவிட்டது.

பொங்கலுக்குப் பிறகு அந்தப் போட்டோ முதலில் அனந்தபுரத்து இளைஞர் குழுவில்தான் வந்தது என்று கேள்விப்பட்டபோது அவளுக்கு எந்தக் கம்ப்யூட்டர் என்று புரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. நேரே கமலாம்பாள் கடைக்குப் போய் உட்கார்ந்து, "நாலு இட்லி வைங்கக்கா" என்றாள். அப்புறம் தினமும் போனாள்.

வெண்மதியைப் பற்றி ஊர் பேசியதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஊர் எவ்வளவு சீக்கிரம் முடிவு கட்டியது தெரியுமா? யாரும் சாதியைச் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் நம் ஜனம் மகா நாகரிகம். "அந்தப் பக்கத்துப் பொண்ணு தான?" என்றார்கள். "படிச்சா மட்டும் போதுமா?" என்றார்கள். சிவசங்கரின் மருமகள் வரவேற்பில் உட்காருகிறாள், அவளுக்கும் அதே கம்ப்யூட்டர்தான். அவள் பேரை ஒருவரும் எடுக்கவில்லை. கலைவாணியின் சீல் வைத்த பேப்பர் அதற்குத் தோதாக வந்து மாட்டியது. வெளியே இருந்து போகவில்லை என்று அது சொன்னது. உள்ளே யார் என்பதை ஊர் சொல்லிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் என்று கேட்ட பிறகு அவளால் உட்கார முடியவில்லை. கையைக் கழுவிவிட்டு, கொட்டகையிலிருந்து வேறு நல்ல கம்ப்யூட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு அனந்தபுரத்துக்குப் போனாள்.

தங்கராசு நல்ல மனிதர். கடையில் ஆதார் ஜெராக்ஸ் எடுக்க ஒரு கூட்டம் நின்றது. கம்ப்யூட்டரை அவர் பள்ளிப் பிள்ளைகள் கேம் விளையாட வாசல் பக்கம் போட்டிருந்தார். "அதுக்குள்ள என்னென்னமோ பேரு, ரிப்போர்ட்டுன்னு இருக்குதும்மா. பசங்க நோண்டுவானுங்க. ஒருநாள் ஒரே சிரிப்பு, போன்ல படம் புடிச்சுக்கினு. நான் அதட்டி அனுப்பிச்சேன்," என்றார், அது பெரிய விஷயம் இல்லை என்பதுபோல. கலைவாணி கொண்டுபோன கம்ப்யூட்டரை அவர் கடையில் வைத்துவிட்டு, பழையதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆட்டோவில் வரும்போது அதை மடியில் வைத்திருந்தாள். மேல்மூடியில் சந்தனம் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

கொட்டகையில் குரு காத்திருந்தான். டிஸ்க்கைக் கழற்றி மேசைமேல் வைத்ததும் அவனே டிரில் மெஷினை பிளக்கில் சொருகிக் கொடுத்தான்.

"போட்டுடு வாணி. இப்ப போட்டா நீ எழுதனது நெசமாயிடும். யாருக்குத் தெரியப் போவுது?"

அவன் சொன்னதில் தப்பு இல்லை. ஓட்டை போடுவதுதான் அவள் தொழில். ஆயுத பூஜை அன்றைக்குச் செய்திருக்க வேண்டியது. அதை இப்போது செய்தால் டிஸ்க்கில் இருக்கிற நூற்றுக்கணக்கானவர்களின் ரகசியம் அடங்கிவிடும். பேங்க் மேனேஜர் அவளைத் தொடர்ந்து புகழ்வார். அவள் கொட்டகை நிலைக்கும்.

டிரில்லை அழுத்தினாள். முனை சுழன்றுகொண்டே டிஸ்க்கின் தகட்டைத் தொட்டது, கீச்சென்று ஒரு கோடு விழுந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெண்மதி இதைச் செய்யவில்லை என்று சொல்ல உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான் இருக்கிறது. அது இந்த டிஸ்க். ஓட்டை போடாமல் ஒரு பாவம் செய்தாயிற்று. இப்போது ஓட்டை போட்டால் இன்னொன்று. முதலாவது சோம்பலில் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இதை என்னவென்று சொல்லிக்கொள்வது?

கையை எடுத்தாள். டிரில் மெஷின் ஒரு சுற்று சுற்றி நின்றது.

"நெசமாயிடும்னு சொல்றீங்களே," என்றாள் குருவிடம், "அந்தப் பொண்ணு திருப்பூருக்குப் போறாளே, அது இன்னாவாயிடும்?"

குரு பிளக்கை உருவினான். "ஏத்திக்கினு போனவன் நானு," என்றான். "நீ மட்டும் போயி நிக்காத. நானும் வரேன்."

அன்றிரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் காப்பிகூடக் குடிக்கவில்லை. வெண்மதிக்கு போன் போட்டுக் கெஞ்சினாள். சிவசங்கருக்கு போன் போட்டுக் கெஞ்சவில்லை. "கமலாக்கா கடைக்கு வாங்க சார். வரலன்னா உங்க பழைய கம்ப்யூட்டரு டிஸ்க்க எடுத்துக்கினு நானே லேப்புக்கு வரேன், பேஷண்டுங்க முன்னாடி," என்றாள்.

எல்லோரும் வந்துவிட்டார்கள். வெண்மதி கடைக்குள் வரவில்லை, தண்ணீர் ஊற்றப்பட்ட அதே வாசலில் கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். சிவசங்கர் கர்ச்சீப்பால் பெஞ்சைத் துடைத்துவிட்டு, உட்காராமல் நின்றார். அந்த நேரத்திலும் கர்ச்சீப். கமலாம்பாள் ஒன்றும் புரியாமல் கரண்டியோடு அடுப்படியில் நின்றாள்.

கலைவாணி டிஸ்க்கையும் அந்தக் கம்ப்யூட்டரின் மேல்மூடியையும் மேசைமேல் வைத்தாள். பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வந்ததெல்லாம் மறந்துவிட்டது.

"அக்கா, நீங்க பாத்த பேப்பர்ல இருக்கற கையெழுத்து என்னுது. அழிச்சுட்டேன், ஓட்ட போட்டுட்டேன்னு பொய்யா எழுதிக் குடுத்தேன். ஆயுத பூஜ அன்னிக்கு டிரில்ல சாமிகிட்ட வெச்சிருந்தேன், நாளைக்குப் போட்டுக்கலாம்னு வுட்டேன். மறுநாள் அது அனந்தபுரம் கடைக்குப் போயிடுச்சு. தெரிஞ்சும் நான் போய் எடுக்கல. அங்கதான் பசங்க போட்டோ புடிச்சானுங்க. வெண்மதிக்கும் இதுக்கும் ஒண்ணும் இல்ல. அவ ஒரு தப்பும் பண்ணலக்கா."

"என் மேலயும் தப்பு இருக்குது," என்றான் குரு வாசலிலிருந்து.

சிவசங்கர் டிஸ்க்கைப் பார்த்தார். பக்கத்தில் வைத்திருந்த மேல்மூடியையும், அதில் காய்ந்திருந்த சந்தனத்தையும் பார்த்தார். தன் வீட்டுச் சந்தனம் அவருக்குத் தெரியாதா? "இத போன்லயே சொல்லி இருக்கலாமேம்மா," என்றார் மெதுவாக. "அமைதியா முடிச்சிருக்கலாம்." பிறகு வெண்மதியிடம் திரும்பி, "நாளைலருந்து வந்துடும்மா," என்றார்.

"போன்னு சொன்னப்ப ஹால்ல எல்லாரையும் வெச்சுக்கினுதான சார் சொன்னீங்க?" என்றாள் வெண்மதி. அவள் குரல் உயரவில்லை. "வான்றதையும் அங்கியே சொல்லுங்க. என் நைனாவையும் கூட்டிக்கினு வரேன். அவரு முன்னாடி சொல்லுங்க."

சிவசங்கர் தலையாட்டினார். கர்ச்சீப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

கமலாம்பாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். வெண்மதியின் கையைப் பிடித்தாள். பெண் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை.

"நான் சொன்னப்ப நீங்க நம்பல பெரிம்மா. பேப்பரத்தான் நம்பனீங்க."

கமலாம்பாள் அவள் கையை விடாமல் உள்ளே இழுத்து வந்து பெஞ்சில் உட்கார வைத்தாள். தன் முந்தானையால் அவள் காலைத் துடைக்கக் குனிந்தாள். கால் நனைந்தது நேற்றைக்கு முன்தினம். "இன்னா பெரிம்மா இது," என்று வெண்மதி காலை மடக்கிக்கொண்டாள், அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

கலைவாணி கொண்டு வந்திருந்த டிரில் மெஷினை எடுத்து, மிக்ஸி பிளக்கைக் கழற்றிவிட்டு அங்கே சொருகினாள். "இதுல மத்தவங்க பேரும் நெறைய இருக்குதுக்கா. எல்லார் முன்னாடியும் போட்டுடறேன்." டிஸ்க்கை ஒரு கட்டைமேல் வைத்து அழுத்தினாள். கடை அதிர்ந்தது. வெள்ளித் தூள் தரையில் கொட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஓட்டைகள் விழுந்தன. சத்தம் கேட்டு எதிர்ப்பக்கத்து ஆட்டோக்காரர்கள் எழுந்து வந்து நின்று பார்த்தார்கள். யாரும் சாலையைத் தாண்டி இந்தப் பக்கம் வரவில்லை.

கமலாம்பாள் டிஸ்க்கைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இப்ப என் பேரு இதுல இல்லியா?"

"இல்லக்கா."

கமலாம்பாள் எதிர்ப்பக்கம் நின்றவர்களைப் பார்த்தாள். "இதுல இல்ல," என்றாள். டிஸ்க்கை மேசையில் வைத்துவிட்டாள்.

கலைவாணி தரையில் கிடந்த தூளைப் பெருக்கி ஒரு பையில் கட்டினாள். அது அவள் தொழில் பழக்கம். பிறகு கையைக் கழுவினாள். என்ன செய்வதென்று தெரியாமல், வழக்கமாக உட்காருகிற இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவளை அறியாமல் அந்த உடம்பு அங்கே போய் உட்கார்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அவளுக்குப் பசித்தது. நேற்று மத்தியானத்திலிருந்து ஒன்றும் உள்ளே போகவில்லை. நெஞ்சில் இருந்ததைக் கொட்டிய பிறகு வயிறு நினைவுக்கு வந்திருந்தது.

கமலாம்பாள் தட்டை எடுத்தாள். இலையைப் போட்டாள். பானையைத் திறந்து நாலு இட்லி வைத்தாள். தட்டைக் கொண்டுவந்தாள். கலைவாணியிடம் வந்தவள் நின்றுவிட்டாள்.

"ஒண்ணு கேக்கறேன், நெசத்தச் சொல்லு," என்றாள். "தெனமும் வந்தியே. பசிச்சா வந்த?"

கலைவாணியால் பொய் சொல்ல முடியவில்லை. "இல்லக்கா," என்றாள். "வீட்ல சாப்ட்டுட்டுத்தான் வருவேன்."

கமலாம்பாள் அவளைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

"போட்டோவ வுட்டது பசங்க. வாய் பேசனது ஊரு. பேப்பர நீ எழுதன, நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிட்ட. அதக்கூட ஒருநாள் மறந்துடுவேன்டி. ஆனா ஊரே என்னத் தொடாம ஒதுங்கனப்ப, இவ ஒருத்தி என் கையால வாங்கித் தின்றாளேன்னு நெனைச்சுக்கினேன் பாரு. என்ன மனுஷியா நெனைக்க ஒருத்தி இருக்கான்னு சாமியக் கும்புட்டேன். அதையும் எடுத்துக்கினியேடி வாணி."

அவள் தட்டைக் கலைவாணி முன்னால் வைக்கவில்லை. அடுத்த பெஞ்சுக்குக் கொண்டுபோய் வெண்மதியிடம் வைத்தாள். வெண்மதி கண்ணைத் துடைத்துக்கொண்டு இட்லியைப் பிட்டாள்.

கலைவாணி எழுந்து டிரில் மெஷினின் ஒயரைச் சுற்றினாள். மிக்ஸி பிளக்கை மறுபடியும் சொருகி வைத்தாள். வெளியே மேல்மலையனூர் பஸ்ஸுக்கு ஜனம் ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை நாளில் அன்றைக்குத்தான் அவள் அந்தக் கடைக்குப் பசியோடு வந்திருந்தாள்.